சிவப்பு ஆயில் விளக்கு மினுக்குதா? கார் இன்ஜினின் நிலையை ஆயில் பிரஷர் எப்படிக் காட்டிக்கொடுக்கிறது?

எடப்பாடியில் இருந்து குடும்பத்தோடு ஒரு பழைய கார் ஏற்காட்டுக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சேலம் தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, மேலே போய் வண்டி நிற்கிறது. இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது, டேஷ்போர்டில் எண்ணெய்க் குடுவை போன்ற சிவப்பு விளக்கு மினுக்குகிறது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் அணைந்துவிடுகிறது. "சென்சார் கோளாறா இருக்கும், விடுங்க" என்று கிளம்பிவிடுபவர்கள் உண்டு. ஆனால் அது இன்ஜின் கொடுக்கும் கடைசி எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

ஆயில் பிரஷர் என்றால் என்ன?

இன்ஜினின் அடியில் உள்ள சம்ப்பில் இருந்து ஆயிலை பம்ப் உறிஞ்சி, ஃபில்டர் வழியாக எல்லா இடத்துக்கும் தள்ளுகிறது. கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் (பட்டறை பாஷையில் 'மெட்டல்') நடுவே இருக்கும் இடைவெளி, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். அந்த இடைவெளியில் நிற்கும் ஆயில் படலம்தான் இரும்பும் இரும்பும் உரசாமல் காக்கிறது.

தண்ணீர் ஓடும் குழாயின் வாயை விரலால் அடைத்தால் அழுத்தம் ஏறும். விரலை எடுத்தால் இறங்கிவிடும். இங்கும் அதே கதைதான். மெட்டல் தேயத் தேய இடைவெளி பெரிதாகும். ஆயில் சுலபமாக வெளியே வழிந்துவிடும். பிரஷர் இறங்கும். இன்ஜினைப் பிரிக்காமலேயே உள்ளே இருக்கும் தேய்மானத்தை ஊகிக்க முடிவது இதனால்தான்.

எவ்வளவு இருக்க வேண்டும்?

இன்ஜினுக்கு இன்ஜின் இது மாறும். பொதுவாக நன்றாகச் சூடான இன்ஜினில், ஐட்லிங்கில் சுமார் 1 பார் (ஏறக்குறைய 15 பிஎஸ்ஐ), 2,000 முதல் 3,000 ஆர்பிஎம்மில் 3 முதல் 4 பார் வரை இருக்கும். சரியான அளவு அந்தந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுபவர்களுக்கு ஆயில் பிரஷர் மீட்டர் பழக்கமானது. முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைப் பார்த்தே சுதாரித்துவிடலாம். பெரும்பாலான கார்களில் அந்த மீட்டர் கிடையாது, விளக்கு மட்டும்தான். அதுவும் பல கார்களில் பிரஷர் 0.5 பாருக்கும் கீழே போன பிறகுதான் எரியும்.

பிரஷர் குறைய என்ன காரணம்?

• சம்ப்பில் ஆயில் குறைந்திருப்பது

• பல மாதம் மாற்றாத ஆயில், அல்லது பெட்ரோல், டீசல் கலந்து நீர்த்துப்போன ஆயில்

• ஆயிலை உறிஞ்சும் வலையில் கசடு அடைத்திருப்பது

• பம்ப் தேய்ந்திருப்பது, அல்லது ரிலீஃப் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொள்வது

• மெட்டல் தேய்மானம்

• பிரஷர் சுவிட்ச் அல்லது ஒயர் கோளாறு

கடைசிக் காரணத்தை முதலில் நம்பிவிடுவதுதான் ஆபத்து. சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் கேஜ் மாட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இன்ஜின் சூடாக இருக்கும்போது பார்ப்பது முக்கியம். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது தேய்ந்த இன்ஜினிலும் பிரஷர் நன்றாகவே காட்டும். மலையேறிய பிறகு, ஐட்லிங்கில் மட்டும் விளக்கு மினுக்குவதும் அதனால்தான்: ஆயில் சூட்டில் இளகியிருக்கும், பம்ப்பும் மெதுவாகச் சுற்றும்.

பிரஷர் அதிகமாக இருந்தால் இன்ஜின் 'சூப்பர்' என்றும் அர்த்தமில்லை. மிகக் கெட்டியான ஆயில், மூடியபடி சிக்கிய ரிலீஃப் வால்வு, ஆயில் பாதையில் அடைப்பு ஆகியவையும் காரணமாகலாம்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்கள் கவனத்துக்கு

1. பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். இன்ஜின் குளிர்ந்த நிலையில் இருந்து சோதனையைத் தொடங்க வேண்டும்.

2. சாவியை 'ஆன்' செய்ததும் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் பல்போ ஒயரோ கழற்றப்பட்டிருக்கலாம்.

3. ஸ்டார்ட் ஆன சில நொடிகளில் விளக்கு அணைய வேண்டும்.

4. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ஐட்லிங்கில் விடுங்கள். விளக்கு மினுக்கினாலோ, அடியில் 'டொக் டொக்' சத்தம் கேட்டாலோ யோசியுங்கள்.

5. எந்த கிரேடு ஆயில் ஊற்றியிருக்கிறது என்று கேளுங்கள். 5டபிள்யூ-30 ஊற்ற வேண்டிய இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் குறைந்த பிரஷரைத் தற்காலிகமாக மறைத்துவிடலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. பிஸ்டன் ரிங், வால்வு எப்படி இருக்கின்றன என்பதை ஆயில் பிரஷர் சொல்லாது. அதற்கு கம்ப்ரஷன் டெஸ்ட் தனியாகச் செய்ய வேண்டும்.

ஓடும்போது விளக்கு எரிந்தால்?

ஓரம்கட்டி உடனே இன்ஜினை அணையுங்கள். சமதளத்தில் சில நிமிடம் விட்டு டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் குறைவாக இருந்தால் சரியான கிரேடு ஆயிலை ஊற்றி ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், அல்லது ஊற்றிய பிறகும் அணையவில்லை என்றால், மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் வண்டியைக் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

"இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே, மெக்கானிக் கடை வரைக்கும் ஓட்டிடலாம்" என்பது இந்த விஷயத்தில் எடுபடாது. ஆயில் படலம் இல்லாத பேரிங் அந்தத் தூரத்துக்குள்ளேயே ஒட்டிப்பிடித்து, இன்ஜின் ஜாம் ஆகிவிடலாம். ஒரு லிட்டர் ஆயிலோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, முழு இன்ஜின் வேலையில் போய் நிற்கும்.