காற்றுக்குக் காத்திருந்த தோணிகள்

தூத்துக்குடித் தோணி, பாயை மட்டும் நம்பி ஓடிய மரச் சரக்குக் கப்பல். கொழும்பு, மாலத்தீவு, கொச்சி, நாகப்பட்டினம் என்று அது போகாத துறை குறைவு. ஓடிய நாள்களைப் போலவே நங்கூரமிட்டு நின்ற நாள்களும் அதன் வரலாற்றில் நிறைய. எப்போது பாய் விரிப்பது என்பதைவிட எப்போது விரிக்கக் கூடாது என்று அறிந்தவரே நல்ல தண்டல் (தோணித் தலைவர்) என மதிக்கப்பட்டார்.

மன்னார் வளைகுடாவின் கரை பார்வைக்குத் தாழ்ந்த மணற்கரை. ஆபத்து நீருக்கடியில் இருக்கிறது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள்; அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைத் திட்டுகள். அந்தப் பாறைகளே காற்று மோசமாகும்போது அலையைத் தடுத்து நிறுத்தின. முயல் தீவு, வான் தீவு போன்றவற்றின் மறைவில் தோணிகள் ஒதுங்கின. பழைய தூத்துக்குடித் துறை ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளியே நிற்க, சரக்கைத் தோணிகளே ஏற்றி இறக்கின.

காற்றுகளுக்குக் கடலோடிகள் பெயர் வைத்திருந்தனர்: தென்மேற்கிலிருந்து கச்சான், கிழக்கிலிருந்து கொண்டல், வடக்கிலிருந்து வாடை. கச்சான் வலுத்த மாதங்களில் கன்னியாகுமரியைச் சுற்றி மேற்கே போவது எதிர்காற்றோடு மல்லுக்கட்டுவதாகும். எனவே மே, ஜூன் முதல் ஆகஸ்ட், செப்டம்பர் வரை பெரும்பாலான தோணிகள் தூரப் பயணத்தை நிறுத்தின. அந்த மாதங்களில்தான் கலப்பத்து வேலை நடந்தது. பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரியை அடைத்து, குங்கிலியமும் எண்ணெயும் பூசி, பாய்களைத் தைத்து, கயிறுகளை மாற்றினார்கள். ஆகஸ்ட் 5இல் நிறைவுறும் தூத்துக்குடிப் பனிமய மாதா திருவிழாவும் இதே பருவத்தில்தான் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வேறொரு அச்சம்: வங்கக்கடல் புயல்கள். துறைமுகத்தில் ஏறும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்தான் அப்போது பாய்மரத்துக்கு ஆணை.

காத்திருப்பின் மையம் பாம்பன். வளைகுடாவையும் பாக் நீரிணையையும் இணைக்கும் அந்தக் குறுகிய வாயில் இல்லாவிட்டால், வடக்கே போகும் கலம் இலங்கையையே சுற்றியாக வேண்டும். கச்சான் காலத்தில் நீரோட்டம் வடக்கே தள்ளும். வாடைக் காலத்தில் தெற்கே இழுக்கும். எதிர்த்துப் போகும் கலத்துக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஆர்தர் காட்டன் இளம் பொறியாளராக 1822இல் இந்த வாயிலின் ஆய்வில் பணிபுரிந்தார். அந்நூற்றாண்டில் பாறை உடைக்கப்பட்டு வழி ஆழமாக்கப்பட்டது. 1914இல் ரயில் பாலம் வந்தபின், காற்றோடு சேர்த்துப் பாலத்தின் தூக்கு திறப்பதற்கும் கலங்கள் காத்து நின்றன. 1964 டிசம்பர் புயல் பக்கத்துத் தனுஷ்கோடியை அழித்தது, பழைய தண்டல்களின் எச்சரிக்கை வீண் பயமல்ல என்பதற்குப் போதிய சான்று.

கடலைக் காணாத திண்டுக்கல் சமவெளிக்கும் இந்தக் காற்றில் பங்குண்டு. 1875, 76இல் திருச்சியிலிருந்து திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் பாதை முடிந்தது. அதற்கு முன் மதுரைச் சீமைக்குத் தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை ஆகியவையே அருகிலிருந்த துறைகள். திண்டுக்கல் சந்தையின் சின்ன வெங்காயம் தூத்துக்குடி வழியே இலங்கைக்குப் போன சரக்குகளில் ஒன்று. வெங்காயம் காத்திருக்கும் சரக்கல்ல. காற்றோட்டமில்லாத அறையில் ஈரம் பட்டால் முளைவிடும், அழுகும். உப்பையும் ஓடுகளையும் ஏற்றிய தண்டல் பத்து நாள் பொறுக்கலாம். வெங்காயம் ஏற்றியவருக்கு ஒவ்வொரு நாளும் நட்டம். ஏறத்தாழ 150 கடல் மைல் தொலைவிலுள்ள கொழும்பின் விலைக்குக் கடல் காற்றும் ஒரு காரணமாக இருந்தது இப்படித்தான். வெங்காய வயலில் மழைக்காக வானத்தைப் பார்த்த விவசாயியும், காற்று ஓயட்டும் என்று பார்த்த தண்டலும் ஒரே வணிகத்தின் இரு முனைகளில் நின்றார்கள்.

இந்த உழைப்பின் உலகை ஜோ டி குருஸ் 2009இல் வெளியான ‘கொற்கை’ நாவலில் விரிவாகப் பதிவுசெய்தார். அதற்கு 2013இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமானதும் ஆழமான கப்பல்துறை கிடைத்தது. பிறகு தோணிகள் பாயோடு எஞ்சினையும் ஏற்றன, பின்னர் எஞ்சினையே முதன்மையாகக் கொண்டன. மாலத்தீவுக்குச் சரக்கேற்றும் இன்றைய எஞ்சின் தோணிகளும் தென்மேற்குப் பருவக்காற்று கடுமையாக வீசும் மாதங்களில் துறைமுகத்திலேயே நிற்கின்றன.