அறம் வளர்ந்த வழி

மனித சமுதாயம் அறத்தில் வளர்ந்திருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா என்பது தொன்றுதொட்டு வரும் வினா. பழங்காலமே பொற்காலம் என்பார் ஒரு சாரார். காலம் செல்லச் செல்ல மனிதன் உயர்கிறான் என்பார் மற்றொரு சாரார். உண்மை காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. உழைப்பவனைச் சமுதாயம் எவ்வாறு நடத்தியது என்பதை அளவுகோலாகக் கொண்டு நம் மலாக்கா மண்ணின் வரலாற்றை நோக்குவோம்.

மலாக்கா சுல்தான்கள் காலத்துச் சட்டத் தொகுப்பில் அடிமைகளைப் பற்றிய விதிகள் பல உள. 1511இல் இந்நகரைக் கைப்பற்றிய போர்த்துகீசியரும், 1641இல் அவர்களை வென்ற டச்சுக்காரரும் அடிமைகளை வைத்திருந்தனர். தமிழரும் இதற்கு விலக்கல்லர். அறநூல்கள் தழைத்த தமிழகத்திலேயே ஆட்கள் கோயில்களுக்கு விற்கப்பட்டதைச் சோழர் காலக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அக்காலத்தவர் அனைவரும் கொடியவர் என்று கூற இயலாது. கண்முன் இருந்த தீமை அவர்களுக்குத் தீமையாகத் தோன்றவில்லை.

1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றியது. ஆயினும் அடிமைகள் நீங்கிய இடத்தை ஒப்பந்தக் கூலிகள் நிரப்பினர். மலாயாவின் கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கு நம் முன்னோர் சஞ்சிக்கூலிகளாக வந்தனர். ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு ஓடியவருக்குச் சிறை காத்திருந்தது. 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் இரப்பர் பயிரிட்டார். அப்பயிர் பரவப் பரவ ஆள் தேவை பெருகிற்று. 1910இல் சஞ்சி முறை நிறுத்தப்பட்டது. கங்காணி முறையோ நீடித்தது. வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணி தலைக்காசு பெற்றான். பிடி தளர்ந்தது, விடுபடவில்லை.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என விதித்தது. கிராணியோ கங்காணியோ ஆசிரியராக அமர்ந்த பள்ளிகள் பல. எனினும் அங்கு எழுத்தறிந்த தலைமுறையே பின்னர் நாளிதழ் படித்தது, சங்கம் அமைத்தது, உரிமை கேட்டது.

அவ்வாறு கேட்டவற்றுள் ஒன்றை மாணவர் அறிதல் நன்று. 1941இல் சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. கூலி உயர்வு, தமிழ்க் கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவற்றோடு, துரையும் கிராணியும் எதிர்ப்படும்போது சைக்கிளைவிட்டு இறங்காமல் செல்லும் உரிமையும் கோரப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். இன்றைய மாணவருக்கு இச்செய்தி வியப்பளிக்கும். அந்த வியப்பே அறம் வளர்ந்தமைக்குச் சான்று. பாட்டன் உயிரைக் கொடுத்துக் கேட்டதைப் பேரன் கேட்காமலே பெற்றிருக்கிறான்.

ஆயினும் மகிழ்ந்து அமர்ந்துவிடலாகாது. இன்று நம் தோட்டங்களிலும் ஆலைகளிலும் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் உழைக்கின்றனர். பிறர் கடப்பிதழைப் பறித்து வைத்தல் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாயினும், அவ்வழக்கம் அற்றுப் போகவில்லை. 2020 டிசம்பரில், கட்டாய உழைப்பின் அறிகுறிகள் உள்ளன எனக் கூறி, சைம் டார்பி தோட்ட நிறுவனத்தின் செம்பனை எண்ணெய்க்கு அமெரிக்கா தடை விதித்தது. நிலைமை சீர்ப்பட்டதெனக் கண்டு 2023இல் தடையை நீக்கியது. இடையே 2022இல், கட்டாய உழைப்புக்கு எதிரான பன்னாட்டு நெறிமுறையை மலேசியா ஏற்று உறுதி செய்தது.

கங்காணியிடம் கடன்பட்டு வந்த நம் முன்னோரும், முகவரிடம் கடன்பட்டு வந்திருக்கும் இவ்வயலாரும் ஒரே வழியில் வந்தவர்களே. நம் துயரைக் கண்ணீரோடு படிக்கும் நாம், இவர்களை உணவுக்கடையில் எப்பெயரிட்டு அழைக்கிறோம்? எந்தக் கண்ணால் நோக்குகிறோம்?

சமுதாயம் அறத்தில் வளர்ந்தே வந்திருக்கிறது. ஆனால் தானாக வளரவில்லை. சட்டம் ஒரு முறை எழுதப்படுகிறது. அறமோ, இரப்பர்த் தோட்டத்து மறுநடவுபோல், தலைமுறைதோறும் புதிதாக நடப்படல் வேண்டும். அந்த நாற்றங்கால் நம் வகுப்பறையே.