கூலி, கடன், பந்தி: கம்பம் பள்ளத்தாக்கில் இயேசுவின் போதனை

நற்செய்தி நூல்களில் இயேசு வழிபாட்டு முறைகளைப் பற்றிப் பேசுவது குறைவு. மத்தேயு 5 முதல் 7 வரையுள்ள மலைப்பொழிவிலும் லூக்கா எழுதிய உவமைகளிலும் திரும்பத் திரும்ப வருபவை நாட்கூலி, கடன், வழக்கு, விருந்து, அண்ணன் தம்பி சொத்துப் பங்கீடு, அண்டை வீட்டுப் பகை. கேட்டவர்கள் கலிலேயாவின் உழவர், மீனவர், கூலியாட்கள், வரி வசூலிப்பவர். எனவே அந்தப் போதனையை அன்றாட வாழ்வில் கடைப்பிடிப்பது என்பது, ஞாயிற்றுக்கிழமைப் பக்தியை மற்ற நாள்களுக்குக் கொஞ்சம் நீட்டுவது அல்ல. அது தொடக்கத்திலேயே வேலை நாள்களுக்காகச் சொல்லப்பட்ட போதனை.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு இந்த வகையில் கலிலேயாவுக்கு மிக நெருக்கமானது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. சுருளிப்பட்டி, கூடலூர், காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி வட்டாரங்களில் பன்னீர் திராட்சைப் பந்தல்கள். அந்தத் திராட்சையை 1832-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுக் குருவானவர் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டு வந்தார் என்பது வழங்கிவரும் செய்தி. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரை மிஷன் என்று அழைக்கப்பட்ட இயேசு சபையாரின் பணி 1606-இல் இராபர்ட் தெ நொபிலியின் வருகையோடு தொடங்கியது. 1834-இல் அமெரிக்க மிஷனரிகள் மதுரையில் பணி தொடங்கி, பெரியகுளத்தைத் தங்கள் நிலையங்களில் ஒன்றாக்கினர். கத்தோலிக்க மதுரை மறைமாவட்டம் 1938-இலும், அமெரிக்க மிஷன் சபைகள் இணைந்த தென்னிந்தியத் திருச்சபை 1947-இலும் உருவாயின. பனிமய மாதா ஆலயம் உள்ள இராயப்பன்பட்டி போன்ற ஊர்களில் கோயில் மணியும் திராட்சை வெட்டும் ஒரே வாழ்வின் இரண்டு பக்கங்கள்.

இந்த மண்ணில் வாசிக்கும்போது தனிக் கனம் பெறும் பகுதி மத்தேயு 20-இல் உள்ள திராட்சைத் தோட்டக் கூலியாட்கள் உவமை. தோட்டக்காரர் விடியற்காலையில் ஆள் பிடிக்கப் போகிறார். பிறகு ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், மூன்று மணிக்கும் போகிறார். கடைசியாக ஐந்து மணிக்கும் போய், சந்தை வெளியில் இன்னும் நிற்பவர்களை அழைத்து வருகிறார். மாலையில் எல்லாருக்கும் ஒரே கூலி, ஒரு தெனாரியம். அது அக்காலத்தில் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் பிழைப்புக்கான தொகை. பல பிரசங்கங்களில் இந்த உவமை கடைசி நேர மனமாற்றத்தைப் பற்றியதாகவே விளக்கப்படுகிறது. அந்த விளக்கம் தவறில்லை, ஆனால் அது உவமையின் பாதி. ஐந்து மணி வரை நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். தங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்பதே அவர்கள் சொல்லும் பதில். ஆள் பிடிப்பவர் முதலில் கூட்டிப் போவது திடமான ஆள்களையே. வயதானவர், நோயாளி, கைக்குழந்தைக்காரி ஆகியோர் கடைசி வரை நிற்பார்கள். அவர்களுக்கும் அன்றைய அடுப்பு எரிய வேண்டும் என்பதே தோட்டக்காரரின் கணக்கு.

கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஆகிய இடங்களிலிருந்து நாள்தோறும் விடியுமுன் ஜீப்புகளில் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களுக்கு இந்த உவமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. விளங்க வேண்டியது கூலி கொடுப்பவருக்கு. ஆண் கூலி வேறு, பெண் கூலி வேறு என்று பேசும் வழக்கம் வேளாண்மையில் இன்னும் மறையவில்லை. சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டும் என்று 1976-லேயே நாடு சட்டம் செய்தது. கிறிஸ்தவத் தோட்டக்காரர் ஒருவருக்கு அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே மத்தேயு 20 இருந்தது. கூலியைப் பிடித்து வைப்பதைப் பற்றி வேதம் இன்னும் கடுமையானது. உபாகமம் 24, கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கச் சொல்கிறது. நிறுத்தி வைக்கப்பட்ட கூலியே கடவுளிடம் முறையிடும் என்கிறது யாக்கோபு 5. வாரக் கணக்கு, மாதக் கணக்கு என்று இழுத்தடித்து, முன்பணத்தைக் காட்டி ஆளைக் கட்டி வைப்பது வியாபாரச் சாமர்த்தியமாகக் கருதப்படலாம். வேதத்தின் கணக்கில் அது களவு.

வாங்கல் விற்றலில் போதனை சுருக்கமானது. ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. தோட்டத்திலேயே வாய்ப்பேச்சில் விலை முடியும் திராட்சை வியாபாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான விதி இருக்க முடியாது. விலை பேசிய பிறகு சந்தை இறங்கினால் வியாபாரி பின்வாங்குவதும், ஏறினால் விவசாயி பின்வாங்குவதும் ஒரே குற்றம். எடையில் எடுக்கும் கழிவும் இதில் சேரும். வரி வசூலிப்பவரான சகேயு இயேசுவைச் சந்தித்த அன்று பாட்டுப் பாடவில்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்புவதாகவும் கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கைக் கேட்ட பிறகே அவர் வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு சொல்கிறார். திராட்சைக்கு வரும் அடிச்சாம்பல் நோய்க்கு மருந்தடிக்கும் விஷயத்திலும் அயலான் யார் என்ற கேள்வி உண்டு. முகமூடி இல்லாமல் மருந்தடிக்கும் கூலியாளும், கேரளத்தில் எங்கோ அந்தப் பழத்தை வாங்கித் தின்னும் குழந்தையும் அயலாரே. மருந்தடித்த பின் விட வேண்டிய நாள்கள் முடியுமுன் வெட்டுவது அயலானுக்கு எதிரான செயல்.

கடனைப் பற்றிய உவமை மத்தேயு 18-இல் உள்ளது. அரசனிடம் பத்தாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியன் மன்னிக்கப்படுகிறான். ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரியம் என்பதால், அது ஆறு கோடி நாள் கூலி. வெளியே வந்தவன், தனக்கு நூறு நாள் கூலி தர வேண்டிய சக ஊழியனின் கழுத்தைப் பிடிக்கிறான். இந்த உவமை குற்றங்களை மன்னிப்பதற்காகச் சொல்லப்பட்டது. ஆனாலும் அதற்கு இயேசு எடுத்துக்கொண்ட காட்சி கடன்காரனின் கழுத்து. மருத்துவச் செலவுக்கும் கல்யாணத்துக்கும் தண்டலும் மீட்டர் வட்டியும் வாங்கித் திணறும் குடும்பங்கள் உள்ள ஊர்களில் அந்தக் காட்சி உவமையாகவே நிற்பதில்லை. தமிழ்நாடு 2003-இல் கந்துவட்டியைச் சட்டத்தால் தடுத்தது. வட்டிக்கு விட்டுச் சம்பாதித்ததில் தசமபாகம் செலுத்துபவரிடம் சபை அந்தக் காணிக்கையை வாங்கலாமா என்ற கேள்வியை ஆயர்கள் தயங்காமல் எழுப்ப வேண்டும்.

செய்முறை எனப்படும் மொய்ப் பழக்கமும் இதோடு சேர்ந்தது. மதுரை, தேனிப் பக்கத்துக் காதணி விழாவிலும் கல்யாணத்திலும் மொய் நோட்டில் எழுதப்படும் ஒவ்வொரு தொகையும் திரும்பி வர வேண்டிய தொகை. ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் நல்ல ஏற்பாடாகவே இது வளர்ந்தது. ஆனால் செய்முறை செய்ய முடியாதவர் பத்திரிகை வைத்தாலும் வர முடியாமல் போகிறது. லூக்கா 14-இல் இயேசு விருந்துக்கு அழைக்கச் சொல்வது திருப்பிச் செய்ய முடியாதவர்களை: ஏழைகளை, ஊனமுற்றோரை, பார்வையற்றோரை. நோட்டு வைக்காத ஒரு பந்தியாவது தன் வீட்டு விசேஷத்தில் இருக்கட்டும் என்று ஒரு கிறிஸ்தவக் குடும்பம் முடிவு செய்தால், அந்த ஊருக்கு அந்த அதிகாரம் முழுதும் விளங்கிவிடும்.

பந்தியில்தான் இப்பகுதிச் சபைகளின் மிகக் கடினமான சோதனை நடந்தது. அமெரிக்க மதுரை மிஷன் 1847-இல், சாதியைக் கைவிடாதவர்களுக்குத் திருவிருந்தில் இடமில்லை என்று முடிவெடுத்தது. எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதே சாதியை விட்டதற்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது. உபதேசியார்கள் உட்படப் பலர் அதற்கு உடன்படாமல் சபையை இழந்தனர். வேத வசனங்களை மனப்பாடமாகச் சொன்னவர்கள், பக்கத்து இலையில் யார் என்று பார்த்து எழுந்தனர். மிஷனரிகளின் முறையில் அதிகாரத் தொனி இருந்தது என்ற விமர்சனம் நியாயமானது. ஆயினும் அவர்கள் சரியான இடத்தில் கை வைத்தார்கள். வரி வசூலிப்பவர்களோடும் பாவிகள் எனப்பட்டவர்களோடும் சேர்ந்து சாப்பிட்டதே இயேசுவின் மேல் சுமத்தப்பட்ட முதல் குற்றச்சாட்டுகளில் ஒன்று. இன்றும் தமிழகக் கிறிஸ்தவர் சிலரிடையே கல்லறைத் தோட்டமும் தேர்வீதியும் சாதியால் பிரிந்து கிடப்பது, 1847-இன் கேள்விக்கு இன்னும் முழு விடை சொல்லப்படவில்லை என்பதற்குச் சான்று. பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில் அது இன்னும் தெளிவாகத் தெரியும்.

கூலி, வியாபாரம், கடன், பந்தி ஆகிய எல்லாவற்றையும் ஒரே போதனையின் கீழ் வைத்துச் சிந்தித்த தமிழ்க் கிறிஸ்தவர் ஜே. சி. குமரப்பா. 1892 ஜனவரி 4-இல் தஞ்சாவூரில் பிறந்து, ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்ற இயற்பெயர் கொண்ட அவர், லண்டனில் கணக்காயர் படிப்பும் அமெரிக்காவில் சிராக்கியூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் வணிகமும் பொருளியலும் படித்தவர். அங்கே இந்திய வறுமையின் காரணத்தை ஆராய்ந்தபோது ஆங்கில ஆட்சியின் வரிக் கொள்கையில் கை வைக்க வேண்டியதாயிற்று. 1929 மே மாதம் சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். 1934-இல் அமைந்த அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவில் இருந்து நடத்தினார்.

1930-இல் குமரப்பா, கல்கத்தாவின் ஆங்கிலிகன் மெட்ரோபாலிட்டன் ஃபாஸ் வெஸ்ட்காட்டுக்கு எழுதிய கடிதங்கள் குறிப்பிடத்தக்கவை. மலைப்பொழிவைப் போதிக்கும் திருச்சபை, அகிம்சை வழியில் போராடுபவர்கள் மீது நடந்த தடியடியைக் கண்டு எப்படிப் பேசாமல் இருக்கலாம் என்பதே அவருடைய கேள்வி. வெஸ்ட்காட்டின் பதில் அவருக்கு நிறைவு தரவில்லை. பின்னர் சிறையில் இருந்தபோது இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றி ஒரு நூலும், நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். இரண்டுக்கும் காந்தி 1945-இல் முன்னுரை தந்தார். ஒரே சிறைவாசத்தில் இரண்டும் எழுதப்பட்டது தற்செயல் அல்ல. இயற்கையில் அவர் ஐந்து வகைப் பொருளாதாரங்களைக் கண்டார்: ஒட்டுண்ணியாக வாழ்வது, கொள்ளையிட்டு வாழ்வது, உழைத்து வாழ்வது, கூடி வாழ்வது, பிறருக்காக வாழ்வது. கடைசியானதற்கு அவர் சொன்ன உதாரணம் தாய்ப்பறவை. கூலியை எதிர்பாராமல் அது குஞ்சுக்கு இரை தேடுகிறது. இயேசுவின் வாழ்வை அந்த ஐந்தாம் நிலையில் வைத்துப் படித்தார் என்பதே குமரப்பாவின் தனித்தன்மை.

அவருடைய மற்றொரு கருத்து அன்றாட வாழ்வை இன்னும் நேராகத் தொடுகிறது. ஒரு பொருளை வாங்குபவர், அது உருவான விதத்துக்கும் பொறுப்பாளி. கொடுமையில் விளைந்ததை மலிவு என்று வாங்கினால் அந்தக் கொடுமையில் வாங்கியவருக்கும் பங்குண்டு. கிறிஸ்துமஸ் கேக்கில் போடும் ஏலக்காயும், நற்கருணைக்கு ஊற்றும் திராட்சை ரசமும் எந்தக் கூலியில் விளைந்தவை என்று கேட்பது குமரப்பாவின் வழியில் வழிபாட்டின் ஒரு பகுதி.

குமரப்பா 1950-களில் மதுரைக்குத் தெற்கே தே. கல்லுப்பட்டியின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்தார். தேனி அப்போது மதுரை மாவட்டத்தின் பகுதி. நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி 1949-இல் அறிக்கை தந்த அவர் ஆசிரமத்தில் எளிமையாகவே இருந்தார். 1960 ஜனவரி 30-இல் மதுரையில் காலமானார். அவரைக் காந்தியவாதியாகப் பலர் அறிவர். இயேசுவின் சீடராக அவரைத் தங்கள் முன்னோர் வரிசையில் சேர்க்கத் தமிழகச் சபைகள் இன்னும் போதிய அக்கறை காட்டவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

சண்டையைப் பற்றிய போதனை ஒன்று எஞ்சுகிறது. காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவர், தம்மேல் சகோதரனுக்குக் குறை உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாக வேண்டும். வாய்க்கால் முறையிலும் மடை திறப்பதிலும் வரப்பிலும் தொடங்கிய வழக்கு தலைமுறை தாண்டி ஓடும் குடும்பங்கள் எந்தச் சபையிலும் உண்டு. அறுப்பின் பண்டிகையில் முதற்பலன் படைக்குமுன் அத்தகைய ஒரு வழக்கையாவது பேசி முடிப்பது மூப்பர்களால் ஆகக்கூடிய வேலை.

மற்றவர்களுக்குச் சொல்லுமுன் சபைகள் தங்கள் வரவு செலவுப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். உபதேசியார், கோயில் பணியாளர், துப்புரவு செய்யும் பெண், சபைப் பள்ளியின் தற்காலிக ஆசிரியர் ஆகியோருக்கு என்ன சம்பளம், எந்தத் தேதியில், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவாகக் கொடுக்கப்படுகிறதா என்பதை ஒவ்வொரு பங்குப் பேரவையும் சேகரக் குழுவும் தங்கள் அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக எடுத்துக்கொள்ளட்டும்.