ஈய சீலும் ஒரு குட்டிப் பொட்டியும்

கல்மண்டபம் மார்க்கெட் பக்கம் எங்க மாமாவை 'பம்ப் மெக்கானிக்'னு கேட்டாத்தான் காட்டுவாங்க. லாரி டீசல் பம்ப்பைப் பிரிச்சு மாட்டியே கை கறுத்துப் போனவர். கடையை மூடி ரொம்ப வருஷம் ஆச்சு. போன மாசம் என்னோட 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசலுக்காக (செகண்ட் ஹேண்ட்தான், பொட்டி தட்டி சேர்த்த காசு) வாங்கின 'பெர்ஃபார்மன்ஸ் மாட்யூலை' பெருமையா அவர்கிட்ட காட்டினேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. "இதைச் சொருகினா 75 குதிரை 95 ஆயிடும் மாமா."

திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். "டீசல் கூடும், சரிடா. காத்து எங்கேர்ந்து வரும்?"

பதில் தெரியலை. தெரிஞ்சுக்கலாம்னு தோண்டினது ரொம்பப் பின்னாடி போயிடுச்சு. கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க மக்கள்ஸ்.

1893 ஆகஸ்ட்ல ருடால்ஃப் டீசல் தன்னோட முதல் என்ஜினுக்குள்ள எரிபொருளைப் பாய்ச்சினப்ப, அழுத்தம் அளக்கிற கருவியே வெடிச்சுச் சிதறிச்சு. எவ்வளவு, எப்போ பாய்ச்சறதுங்கிறதுதான் அன்னையிலேர்ந்தே தலைவலி. 1927-ல் பாஷ் கம்பெனி டீசல் பம்ப்பை மொத்தமா தயாரிக்க ஆரம்பிச்சப்புறம்தான் லாரிக்கு டீசல் சரிப்பட்டு வந்தது.

நம்ம ஏரியாவுக்கு வருவோம். 1948-ல் எண்ணூர்ல அசோக் மோட்டார்ஸ்னு ஆரம்பிச்சு, முதல்ல ஆஸ்டின் கார்தான் பூட்டினாங்க. 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆச்சு. அதே வருஷம் திருவொற்றியூர் பக்கம் என்ஃபீல்டு வந்தது. பின்னாடி அவங்க டாரஸ்னு ஒரு டீசல் புல்லட்டே விட்டாங்க, 325 சிசி, ஆறரை குதிரை! அதுக்கு யாரும் ட்யூனிங் பாக்ஸ் தேடியிருக்க மாட்டாங்க :-)

மாமா காலத்து லாரி பம்ப்புல, அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகணும்னு ஒரு ஸ்க்ரூ இருக்கும். பெஞ்சுல வச்சு அளந்து செட் பண்ணிட்டு, கம்பி கட்டி ஈய சீல் அடிச்சிடுவாங்க. டிரைவருங்க வந்து "ஏத்தம் இழுக்க மாட்டேங்குது, கொஞ்சம் திருப்பி விடுங்கண்ணே"ம்பாங்க. சீலை அறுத்துத் திருப்பினா இழுக்கும். கூடவே கறும்புகை. காத்து அதே அளவு, டீசல் மட்டும் அதிகம்னா முழுசா எரியாது. புகைப்போக்கி சூடு ஏறும். அலுமினிய பிஸ்டன் தலை உருகும். "ஆனா சீல் அறுந்திருந்தா முதலாளி கண்டுபிடிச்சிடுவான்டா"ன்னார் மாமா.

1997-ல் காமன்ரெயில் வந்தது, 1,350 பார் அழுத்தத்தோட. இந்தியாவுல 2002-ல் ஆக்சென்ட் சிஆர்டிஐ. ஸ்க்ரூ போய் கம்ப்யூட்டர் வந்தாச்சு. இப்போ என் பொட்டி என்ன பண்ணுதுன்னா, ரெயில் அழுத்தத்தை அளக்கிற சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல உக்காந்துக்கும். நிஜத்துல 1,200 பார்னா, "1,100தாங்க இருக்கு"ன்னு போட்டுக் குடுக்கும். பாவம் கம்ப்யூட்டர், அழுத்தத்தை ஏத்தும். டீசல் கூடுதலாப் பாயும். அவ்ளோதான் சூட்சுமம். கோட் எழுதிப் பிழைக்கிறவன் நான், இன்புட்டையே பொய்யாக்கிட்டு அவுட்புட்டை நம்பச் சொன்னா எப்படி? கழட்டினா தடயமும் இருக்காது, ஈய சீல் மாதிரி காட்டிக்கொடுக்காது.

"இதே 1.3 என்ஜின் எர்டிகாவுல 90 குதிரை குடுக்குதே, கம்பெனிக்காரன்தான் அமுக்கி வச்சிருக்கான்"னு நண்பர்கள் சொல்வாங்க. நானும் அதை நம்பித்தான் வாங்கினேன். ஆனா அந்த 90-க்கு வேற டர்போ, தேவைக்கேத்த மாதிரி காத்தை மாத்தித் தர்ற வகை. என் வண்டியில அது இல்லை. மாமா கேட்டது அதைத்தான்! ரீமேப் பண்றவங்க கம்ப்யூட்டர் கணக்கையே மாத்துறாங்க, அது கொஞ்சம் நேர்மை. ஆனா டர்போவும் கிளட்ச்சும் அதே பழசுதானே? 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்-6 டீசல்ல புகை வடிகட்டி வேற இருக்கு, அடைச்சுக்கும்.

2015-ல் ஃபோக்ஸ்வேகன் மாட்டினதும் டீசல் பொய்தான். அந்தக் கார் சோதனைன்னு தெரிஞ்சா நல்ல பிள்ளையா நடிச்சது. உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் கார், இந்தியாவுல மட்டும் 3,23,700 திரும்ப அழைச்சாங்க. அவங்க பொய் சொன்னது சோதனைக்கு. நான் சொல்லப் பார்த்தது என் என்ஜினுக்கே.

சட்டமும் சும்மா இல்லை. தயாரிப்பாளர் குடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருஷத் திருத்தத்துல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் இல்லைன்னா ஆறு மாசம் வரை ஜெயில். பக்கத்துல காசிமேட்டுப் படகுக்கே 240 குதிரைக்கு மேல என்ஜின் கூடாதுன்னு 2020 விதி இருக்கு.

பொட்டி இப்போ அலமாரியில கிடக்கு. வித்துடலாம்னு விளம்பரம் டைப் பண்ணேன். வாங்குறவனும் அவன் வண்டியிலதானே மாட்டுவான்னு தோணிச்சு, அழிச்சிட்டேன். ஒன்பதாயிரம் ரூபாய் போச்சு. மாமாகிட்ட தொகையை இன்னும் சொல்லலை.