ஆம்பூர் ரோடும் அஞ்சாவது சக்கரமும்

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஹைவேயில் போனால் கன்டெய்னர் லாரிகள் கண்ணில் படாமல் இருக்காது. எஞ்சின் வண்டியையும் ட்ரெய்லரையும் இணைக்கிற இரும்புத் தட்டுக்குப் பேர் 'ஃபிப்த் வீல்'. ஆனா அது சக்கரமே இல்லீங்க! குதிரை வண்டியில் முன் அச்சு திரும்ப வைத்த வளையத்தின் பேர் அது. 1914-ல் டெட்ராய்ட்டில் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லர், ஒருத்தரோட படகை ஃபோர்டு மாடல் டி காரில் இழுக்க ஒரு ட்ரெய்லர் செஞ்சு கொடுத்தார். செமி ட்ரெய்லர் பிழைப்பு அங்கே சூடு பிடிச்சது.

மேட்டருக்கு வருவோம். ட்ரெய்லர் எடையில் ஒரு பங்கு அந்தத் தட்டு வழியா முன்வண்டியின் முதுகில் ஏறும். 1996 விதியில் முன் அச்சுக்கு 6 டன், நாலு டயர் பின் அச்சுக்கு 10.2, ட்ரெய்லரின் ரெட்டை அச்சுக்கு 19. கூட்டினால் 35.2. '3518' வண்டியில் வர்ற 35 இதுதான். 18 என்பது 180 குதிரைசக்தி. 2018 ஜூலையில் 7, 11.5, 21 ஆக்கினாங்க. மொத்தம் 39.5 டன்.

ஷூ பெட்டி இடத்தை அடைக்கும், எடை ஏறாது. உப்புத்தோல் அப்படியே தலைகீழ்; இடம் பாக்கி இருக்கும்போதே எடை எகிறிடும். கன்டெய்னர் கதவு பின்னாடி. முதலில் ஏத்துற சரக்கு உள்ளே முன்பக்கம் போய் உட்காரும். பாதியில் நிறுத்தினால் கனத்தில் பெரும்பங்கு முன்வண்டி மேலேதான். எடைமேடை சீட்டில் மொத்தம் சரியா இருக்கும், பின் அச்சு மட்டும் வரம்பைத் தாண்டியிருக்கலாம். டயரும் பிரேக்கும் அதைத் தாங்கணும், டிரைவரும்தான்.

2019 திருத்தத்துக்கு அப்புறம் ஓவர்லோடு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000. அதிகப்படி சரக்கை இறக்குற செலவு தனி :-)