கூண்டேறாத சாட்சிகள்

1856 மே 8. வாஷிங்டனின் வில்லர்ட்ஸ் ஹோட்டல். காலை உணவு நேரம் கடந்தபின் வந்த கலிஃபோர்னியா காங்கிரஸ் உறுப்பினர் ஃபிலமன் ஹெர்பெர்ட், சாப்பாடு கேட்டுச் சத்தம் போடுகிறார். வாய்த்தகராறு முற்றி, தட்டுகளும் நாற்காலிகளும் பறக்கின்றன. அவரது துப்பாக்கி வெடிக்கிறது. தாமஸ் கீட்டிங் என்ற ஐரிஷ் பரிசாரகர் பிணமாகிறார். அத்தனையையும் நேரில் கண்டவர்களில் ஒருவர் நெதர்லாந்துத் தூதர் டுபுவா.

நீதிமன்றத்துக்கு வரமாட்டேன் என்றார் அவர். வெளியுறவுச் செயலர் மார்சி விடவில்லை. ஹேக் நகரிலிருந்த தம் தூதர் மூலம் நெதர்லாந்து அரசிடமே கேட்டுப் பார்த்தார். அதுவும் மறுத்தது. வேண்டுமானால் வெளியுறவுத் திணைக்களத்தில் சத்தியம் செய்து கண்டதைச் சொல்லட்டும் என்று மட்டும் இறங்கிவந்தது. குறுக்கு விசாரணைக்கு உட்படாத வாக்குமூலத்தை வைத்து அரசுத் தரப்பு என்ன செய்யும்? ஹெர்பெர்ட் விடுதலையானார். சட்டம் டுபுவாவின் பக்கம் இருந்தது உண்மைதான். ஆனாலும் ஓர் ஏழைத் தொழிலாளியின் உயிருக்காக அவர் வாய் திறந்திருக்க வேண்டும்.

ஜனாதிபதி கார்ஃபீல்ட் 1881இல் சுடப்பட்டபோது அதைக் கண்ட வெனிசுவேலாத் தூதர் காமச்சோ, தம் அரசின் அனுமதியோடு கூண்டேறிச் சாட்சி சொன்னார்.

இந்த இரண்டு வழிகளையும் 1961இன் வியன்னா சமவாயம் எழுத்தில் வைத்தது. தூதுவர் சாட்சியம் அளிக்கக் கடமைப்பட்டவர் அல்லர். அந்த விடுபாட்டுரிமையைத் தளர்த்துவதும் அவர் கையில் இல்லை. அவரை அனுப்பிய அரசின் கையில் இருக்கிறது.

பாராளுமன்றக் குழு என்றால் சிக்கல் இன்னும் கூடுகிறது. அங்கே பேசுவது உள்நாட்டு அரசியலில் தலையிடுவதாகிவிடலாம். 1991இல் உள்ளூராட்சித் தேர்தலில் தலையிட்டார் என்று பிரித்தானிய உயர்ஸ்தானிகர் கிளாட்ஸ்டனை இலங்கை வெளியேற்றியது நினைவிருக்கும். அமெரிக்கக் காங்கிரஸில் இதற்கு ஒரு நாசூக்கான ஏற்பாடு உண்டு. வெளிநாட்டு அதிகாரி வந்தால், சத்தியப்பிரமாணத்தோடு நடக்கும் விசாரணையாக அல்லாமல், வெறும் விளக்கக் கூட்டமாக அதை நடத்துவார்கள்.

இனி நம் வாசலுக்கு வருவோம். காங்கேசன்துறைத் துறைமுகத்தைச் சீரமைக்க 6 கோடியே 15 இலட்சம் டொலர் தருவதாக 2024இல் இந்தியா அறிவித்தது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வந்துசேர்வதும் இங்கேதான். இந்தப் பணிகளை ஆராயும் ஒரு தெரிவுக்குழு, 2010 முதல் யாழ்ப்பாணத்தில் இயங்கும் இந்தியத் துணைத் தூதரகத்தின் அதிகாரியை அழைக்க விரும்பினால்? குழுக்களுக்குச் சாட்சிகளை அழைக்கும் அதிகாரத்தை 1953இன் பாராளுமன்றச் சிறப்புரிமைச் சட்டம் கொடுத்திருக்கிறது. துணைத் தூதரக அலுவலருக்கான 1963இன் சமவாயமோ, அவரைச் சாட்சியாக அழைக்கலாம், வராவிட்டால் கட்டாயப்படுத்தவோ தண்டிக்கவோ கூடாது என்கிறது. அலுவல் கடிதங்களைக் காட்டும் கடமையும் அவருக்கில்லை. அதிலும் நீதி, நிருவாக விசாரணைகளுக்குத்தான் பெயர் உண்டு. பாராளுமன்றத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆகவே அழைப்பாணை அனுப்பிப் பயனில்லை. கொழும்பு வெளிவிவகார அமைச்சு வழியாகப் புதுடில்லியிடம் கேட்பதே நடக்கக்கூடியது. பதில் எழுத்தில் வந்தாலும் போதும். துறைமுகத்தை அண்டி வாழும் கடற்றொழிலாளரும், 1990இல் இடம்பெயர்ந்து பின்னர் மீள்குடியேறியவர்களும் அதைப் படிக்க வழி செய்யவேண்டும்.