160 கிரெடிட்டை எப்படிப் பங்கு போடுவது? - பொறியியல் பட்டத்தின் கணக்கு வரலாறு

காமர்ஸ் மாணவருக்கு கிரெடிட் என்றால் லெட்ஜரின் வலது பக்கம். மளிகைக் கடைக்காரருக்கு அது கடன். இன்ஜினியரிங் மாணவருக்கோ சிலபஸில் ஒவ்வொரு பேப்பருக்கும் பக்கத்தில் நிற்கும் 3, 4, 1.5 என்ற சின்ன எண். இந்த எண்களைக் கூட்டி 160 வந்தால் பட்டம். ஆனால் அந்த 160-ல் கணிதத்துக்கு எவ்வளவு, லேபுக்கு எவ்வளவு, மாணவரே தேர்ந்தெடுக்கும் பாடத்துக்கு எவ்வளவு? இதைப் பங்கு போடுவதில்தான் இருநூறு வருடச் சண்டையே இருக்கிறது!

இரண்டு பள்ளிகள், ஒரே வருடம்

1794-ல் சென்னையில் ஒரு சர்வே பள்ளி ஆரம்பிக்கப்பட்டது. நிலம் அளக்க ஆள் தேவைப்பட்ட கம்பெனி அரசாங்கம் நடத்திய பள்ளி அது. பிற்காலத்தில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். அதே 1794-ல் பாரிஸில் எக்கோல் பாலிடெக்னிக் தொடங்கியது. அங்கே முதலில் கணிதமும் அறிவியலும். பாலம் கட்டுவது, சுரங்கம் தோண்டுவது எல்லாம் அதற்குப் பிறகு வேறு பள்ளிகளில்.

ஒரு பக்கம் 'வேலையைக் கற்றுக்கொடு', இன்னொரு பக்கம் 'அடிப்படையைக் கற்றுக்கொடு'. இன்றைக்கும் எந்தக் கல்லூரியில் பாடத்திட்டக் கூட்டம் நடந்தாலும் பேச்சு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் போய் வரும். ஆனால் அந்தக் காலத்தில் கிரெடிட் என்ற அளவுகோல் கிடையாது. என்ன பாடமோ அதை எல்லோரும் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பென்ஷனில் பிறந்த கணக்கு

அந்த அளவுகோல் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஹார்வர்டில் 1869 முதல் 1909 வரை தலைவராக இருந்த சார்லஸ் எலியட், மாணவர்கள் தாங்களே பாடங்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற முறையை விரிவாக்கினார். ஆளுக்கு ஒரு பாடம் படித்தால் 'எல்லோரும் சமமாகப் படித்தார்கள்' என்று எப்படிச் சொல்வது? ஏதாவது பொது அளவு வேண்டுமே!

அதைப் பரவலாக்கியது ஒரு பென்ஷன் திட்டம் என்பதுதான் வேடிக்கை. 1905-ல் ஆண்ட்ரூ கார்னகி கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக 1 கோடி டாலர் கொடுத்தார். எந்தக் கல்லூரிக்கு அந்தப் பணம் போகலாம் என்று முடிவு செய்ய அவருடைய அறக்கட்டளை ஒரு நிபந்தனை வைத்தது. கல்லூரியில் சேரும் மாணவர் பள்ளியில் 14 'யூனிட்' முடித்திருக்க வேண்டும். ஒரு யூனிட் என்றால் சுமார் 120 மணி நேர வகுப்பு. 1910-ல் அதே அறக்கட்டளைக்காக மாரிஸ் குக் என்ற மெக்கானிக்கல் இன்ஜினியர் கல்லூரிகளை ஆராய்ந்து, தொழிற்சாலையில் உற்பத்தியை அளப்பது போல 'மாணவர்-மணி' என்று அளக்கலாம் என்றார்.

ஆக, கிரெடிட் அறிவை அளக்கப் பிறந்ததல்ல. நேரத்தை அளக்கப் பிறந்தது. இதை மறந்துவிட்டால் பின்னால் வரும் குழப்பம் எதுவும் புரியாது.

இந்தியாவுக்கு வந்த கதை

1946-ல் நளினி ரஞ்சன் சர்க்கார் குழு, அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாதிரியில் உயர் தொழில்நுட்ப நிறுவனங்கள் வேண்டும் என்று சொன்னது. 1951-ல் கரக்பூர் ஐ.ஐ.டி. வந்தது. கிரெடிட் முறை வலுவாக வேர் பிடித்தது கான்பூரில். 1962 முதல் 1972 வரை ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அந்த ஐ.ஐ.டி.யை வளர்க்க உதவின. செமஸ்டர், எழுத்து கிரேடு, எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவான அறிவியல் பாடங்கள், அதோடு மனிதவியல் பாடங்கள்... எல்லாம் ஒரே பொட்டலமாக வந்து இறங்கின.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அதுவரை இந்தியக் கல்லூரிகளில் வழக்கம் என்ன? பாடத்திட்டம் பல்கலைக்கழகத்திலிருந்து வரும், கேள்வித்தாளை யாரோ வெளியாள் எடுப்பார், விடைத்தாளை வேறு யாரோ திருத்துவார். கிரெடிட் முறையில் பாடம் நடத்துபவரே தேர்வும் வைத்து கிரேடும் போடுகிறார். அதாவது ஆசிரியரை நம்பினால்தான் இந்தக் கணக்கு ஓடும்.

காரைக்காலில்

இப்போது நம் டெல்டா கரைக்கு வருவோம். 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954 நவம்பர் 1-ல் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்த காரைக்கால், புதுச்சேரியின் ஒரு பகுதி. ஆனால் சுற்றிலும் தமிழ்நாடு, கிழக்கே கடல். இந்தச் சின்ன ஊரில் பொறியியல் பாடத்திட்டம் இரண்டு வழிகளில் வந்தது.

2007-ல் புதுச்சேரி அரசு தொடங்கிய பெருந்தலைவர் காமராஜர் பொறியியல் தொழில்நுட்பக் கல்லூரி, புதுவைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியாக ஆரம்பித்தது. அங்கே பங்கு போடுவது பல்கலைக்கழகத்தின் வேலை. 2010-ல் தொடங்கிய என்.ஐ.டி. புதுச்சேரிக்கு நிலைமை வேறு. என்.ஐ.டி. சட்டப்படி பாடத்திட்டத்தை முடிவு செய்வது அந்தந்த நிறுவனத்தின் செனட். பெயரில் புதுச்சேரி இருந்தாலும் நிறுவனம் இருப்பது காரைக்காலில்தான். 2009-ல் அனுமதி கிடைத்த பத்து புதிய என்.ஐ.டி.க்களில் ஒன்றான அதற்குத் திருச்சி என்.ஐ.டி. வழிகாட்டி. முதல் வகுப்புகளே திருச்சி வளாகத்தில்தான் நடந்தன. கம்ப்யூட்டர் சயன்ஸ், எலெக்ட்ரானிக்ஸ், எலெக்ட்ரிக்கல் என்று மூன்றே பிரிவுகள். பின்னர் காரைக்கால் ஊருக்குள் தற்காலிக இடம், அதற்கும் பிறகு திருவேட்டக்குடியில் சொந்த வளாகம். மெக்கானிக்கலும் சிவிலும் பிற்பாடு சேர்ந்தன.

160 எப்படிப் பிரிகிறது?

2018 ஜனவரியில் ஏ.ஐ.சி.டி.இ. ஒரு மாதிரிப் பாடத்திட்டம் வெளியிட்டது. பல இடங்களில் 180-ஐத் தாண்டியிருந்த மொத்த கிரெடிட்டை 160-ஆகக் குறைத்தது. பங்கீடு இப்படி:

மனிதவியல், மேலாண்மை - 12
அடிப்படை அறிவியல் - 25
பொறியியல் அடிப்படை - 24
துறையின் கட்டாயப் பாடங்கள் - 48
துறை விருப்பப் பாடங்கள் - 18
பொது விருப்பப் பாடங்கள் - 18
புராஜெக்ட், செமினார், இன்டர்ன்ஷிப் - 15

கூட்டினால் சரியாக 160. இது மாதிரிதான், ஒவ்வொரு பிரிவுக்கும் கொஞ்சம் முன்னே பின்னே வரும். அறிவியல், பொறியியல் அடிப்படை, துறைப் பாடம் மூன்றும் சேர்ந்து 97, அதாவது சுமார் 61 சதவீதம். மாணவர் தானே தேர்ந்தெடுப்பது 36, அதாவது 22.5 சதவீதம். 1794-ன் இரண்டு பள்ளிகளும் ஒரே அட்டவணையில் உட்கார்ந்திருக்கின்றன. எலியட்டும் ஓரமாக ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்!

எட்டு செமஸ்டருக்குப் பிரித்தால் செமஸ்டருக்கு 20. வாரம் ஒரு மணி நேரப் பாடத்துக்கு 1 கிரெடிட். லேப் என்றால் இரண்டு மணிக்கு 1 கிரெடிட். 15 கிரெடிட் தியரியும் 5 கிரெடிட் லேபும் இருந்தால் வாரத்துக்கு 25 மணி. அதே 20-ல் 10 தியரி, 10 லேப் என்றால் 30 மணி. கிரெடிட் மாறவில்லை, மாணவரின் வாரம் மட்டும் 5 மணி கூடிவிட்டது. ரெக்கார்டு நோட்டு எழுதும் இரவுகள் இந்தக் கணக்கில் வரவே வராது. பேலன்ஸ் ஷீட் டாலி ஆகிவிட்டது என்பதால் கம்பெனி நன்றாக நடக்கிறது என்று அர்த்தமில்லை அல்லவா, அது போலத்தான். 2023-ல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பு, வருடத்துக்கு 1200 மணி, 40 கிரெடிட் என்று சொல்லி, வகுப்புக்கு வெளியே படிக்கும் நேரத்தையும் கணக்கில் எடுத்தது இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

சின்ன ஊரின் சிக்கல்

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. 18 கிரெடிட் விருப்பப் பாடம் என்றால் 3 கிரெடிட் வீதம் ஆறு பேப்பர். 'விருப்பம்' என்ற சொல்லுக்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு இடத்துக்கும் குறைந்தது இரண்டு பேப்பராவது நடக்க வேண்டும். ஆக 12 பேப்பர், அதற்கு ஆசிரியர்கள். முப்பது நாற்பது பேர் இருக்கும் ஒரு சின்ன பேட்ச்சில் இது எளிதல்ல. ஆள் இல்லாவிட்டால் நடப்பது ஒரே பேப்பர். எல்லோரும் அதையே 'விரும்பி' எடுப்பார்கள்! காகிதத்தில் 22.5 சதவீத சுதந்திரம், வகுப்பறையில் பூஜ்யம்.

இதற்கு ஒரு வழி ஆன்லைன். ஸ்வயம் தளத்தில் படிக்கும் பாடங்களை 40 சதவீதம் வரை ஏற்கலாம் என்று 2021-ல் யு.ஜி.சி. விதி வந்தது. பாடம் கிடைக்கும், எதிரில் உட்கார்ந்து சந்தேகம் கேட்க ஆள் கிடைக்காது. இன்னொரு வழி, ஊரையே பாடமாக்குவது. காரைக்காலைச் சுற்றி என்ன இல்லை? 2004 சுனாமியைப் பார்த்த கடற்கரை, 2009-ல் செயல்படத் தொடங்கிய துறைமுகம், ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை அலுவலகம், காவிரியின் கடைமடை வயல்கள். கடலோரக் கட்டுமானம், துறைமுக நிர்வாகம், பாசனம் என்று மூன்று பேப்பர் போட்டாலே 9 கிரெடிட்டுக்கு உண்மையான விருப்பம் கிடைத்துவிடும். பாரிஸும் கான்பூரும் தர முடியாத பாடம் அது.

ஆக, சமநிலை என்பது எல்லோருக்கும் சம பங்கு கொடுப்பதல்ல. எழுதிய ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் பின்னால் ஒரு ஆசிரியரும், மாணவருக்கு உண்மையில் கிடைக்கும் ஒரு மணி நேரமும் இருக்க வேண்டும். அடுத்த கவுன்சிலிங்கில் கல்லூரி தேர்ந்தெடுக்கும் தம்பி தங்கைகள், பிளேஸ்மென்ட் எத்தனை சதவீதம் என்று கேட்பதோடு நிறுத்திவிட வேண்டாம். "போன வருடம் எத்தனை விருப்பப் பாடங்கள் நிஜமாகவே நடந்தன?" என்றும் கேட்கலாம். மற்ற எண்களை விட அந்த எண் நிறைய உண்மை சொல்லும்.